மங்கும் தழும்பும் அப்படியே இருக்கட்டும்!

இந்த வார அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருப்பீர்கள். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கும் அக்கா அவர். வயது 52. இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்திருக்கிறது. வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு பழைய தீக்காயத் தழும்பு. படத்தைப் போடச் சம்மதித்தார், பெயரைப் போட வேண்டாம் என்றார். "பேரு எதுக்கும்மா? மூஞ்சிதான் ஊருக்கே தெரியுமே!"

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சாயங்காலம் அந்தப் படம் எங்கள் லே-அவுட் பிரிவின் திரைக்கு வந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த தம்பி அதைப் பெரிதாக்கினார். பேச்சு வேறு எதைப் பற்றியோ போய்க்கொண்டிருந்தது. அவர் கை மட்டும் தன் வேலையைப் பார்த்தது. ஹீலிங் பிரஷ்ஷை எடுத்தது, இடது கன்னத்தில் நாலு தட்டு தட்டியது. மங்கு போய்விட்டது. மங்கையும் தழும்பையும் உள்ளபடியே போட வேண்டும் என்றுதான் இந்த இதழையே திட்டமிட்டிருந்தோம். அன்று காலைக் கூட்டத்தில் அதற்காக அதிகம் வாதாடியவரும் இதே தம்பிதான். "கை தானாப் போயிடுச்சுக்கா" என்றார். முகம் சுண்டிவிட்டது.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 19 வருஷமாக இதே வேலையைச் செய்தவள் நான். எத்தனை நடிகைகளின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைத் துடைத்திருப்பேன், எத்தனை கல்லூரிப் பெண்களின் பருவை அழித்திருப்பேன், எத்தனை மாநிற முகங்களை இரண்டு படி ஏற்றியிருப்பேன் என்று கணக்கே இல்லை. யாரும் என்னை மிரட்டிச் செய்யச் சொல்லவில்லை. ரேப்பர், அதாவது அட்டை, பளிச்சென்று இருக்க வேண்டும் என்பார்கள். பளிச் என்ற சொல்லுக்கு வெளுப்பு என்றே பொருள் கொள்ள எங்கள் கை பழகியிருந்தது.

'கொஞ்சம் பிரைட் பண்ணிடுங்கண்ணே'

ஊர் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்த எல்லோருக்கும் இந்த வாக்கியம் பழக்கம். நாம் சொல்ல மறந்தாலும் ஸ்டுடியோ அண்ணன் மறக்க மாட்டார். 2003-ல் என் அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சைப் பட்டுப்புடவை கட்டி, எங்கள் ஊர் ஸ்டுடியோ ஒன்றில் படம் எடுத்தோம். கைக்கு வந்த படத்தில் அக்கா ரோஜாப்பூ நிறத்தில் இருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா அதை மூன்று காப்பி போடச் சொன்னாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி, காபி. அக்கா தட்டோடு வந்து நின்றதும் மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து பார்த்தார், கைப்பையைத் திறந்து படத்தை எடுத்துப் பார்த்தார், மறுபடி நிமிர்ந்தார். "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே…" என்றார். அவ்வளவுதான் சொன்னார். படம் சொன்ன பொய்க்கு அந்தக் கூடத்தின் நடுவில் என் அக்கா பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகு ரொம்ப வருஷம், வீட்டு விசேஷங்களில் கேமராவைக் கண்டாலே பந்தி பரிமாறப் போய்விடுவாள். எங்கள் குடும்ப ஆல்பத்தில் அந்த வருஷங்களில் அவள் இல்லை.

நம் பேச்சையே கவனியுங்கள். 'நல்ல கலர்' என்றால் சிவப்பு. சிவப்பு என்றால் வெளுப்பு. 'கலர் கொஞ்சம் கம்மி' என்றால் கறுப்பு. தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். அது கூடுதலாக உள்ளவரைப் பார்த்துத்தான் கலர் கம்மி என்கிறோம்!

தமிழ் எப்போதும் இப்படிப் பேசவில்லை. சங்கப் பாடல்களில் பெண்ணின் அழகைச் சொல்ல 'மாமை' என்றொரு சொல் இருக்கிறது. மாந்தளிருக்கு ஒப்பிடுவார்கள், கருமையும் மினுமினுப்பும் கலந்த நிறம். தலைவன் பிரிந்துபோனால் அந்த மாமை குலைந்து உடம்பெல்லாம் வெளிறும். அதற்குப் பசலை என்று பெயர். குறுந்தொகையின் 27-வது பாடலில் வெள்ளிவீதியாரின் தலைவி, தன் மாமை அழகைப் பசலை தின்னப் பார்க்கிறதே என்றுதான் ஏங்குகிறாள். வள்ளுவர் 'பசப்புறு பருவரல்' என்று பத்துக் குறளில் ஓர் அதிகாரமே வைத்தார். வெளுத்துப் போவதை ஒரு துன்பமாகப் பாடிய மொழி இது. கல்லூரியில் இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவள்தான் நான். வேலைக்கு வந்து கணினி முன் உட்கார்ந்தபோது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

ஷெர்லியின் முகம்

ஒருவரின் கெட்ட எண்ணத்தால் மட்டும் நடந்த காரியமாக இதை நினைத்தால் பாதிதான் புரியும். மீதிப் பாதி ஃபிலிமிலும் மெஷினிலும் இருக்கிறது.

1950-களில் அமெரிக்காவின் கோடக் நிறுவனம், கலர் படம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் வெள்ளைத் தோலுடைய ஒரு பெண். முதலில் அப்படி நின்றவர் ஷெர்லி என்ற ஊழியர். பின்னால் பெண்கள் மாறினாலும் 'ஷெர்லி கார்டு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அட்டையில் இருக்கும் முகம் சரியாக வரும்வரை மெஷினைத் திருகுவார்கள். ஷெர்லி சரியென்றால் எல்லாம் சரி. கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் சேர்ந்து உட்கார்ந்த வகுப்புப் படங்களில் கறுப்புக் குழந்தைகளின் கண்ணும் பல்லும் மட்டுமே தெரிந்தன.

கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ராத் இதை ஆராய்ந்து 2009-ல் எழுதினார். அதில் ஒரு தகவல் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. ஃபிலிமில் அடர்நிறங்கள் சரியாக விழவில்லை என்று கோடக் நிறுவனத்துக்கு அழுத்தம் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் சாக்லேட் தயாரிப்பவர்களும் மரச்சாமான் விற்பவர்களும். தங்கள் விளம்பரத்தில் ஒரு சாக்லேட்டுக்கும் இன்னொரு சாக்லேட்டுக்கும், ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது அவர்கள் புகார். மனித முகங்களுக்காக எழாத குரல் மேஜைக்காக எழுந்தது. வெவ்வேறு நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை 1990-களின் நடுவில்தான் வந்தது. அதுவரை நம் ஊர்க் கல்யாணங்களும் காதுகுத்துகளும் பதிவான கோடக் ஃபிலிமுக்கும் அளவுகோல் ஷெர்லிதான்.

டிஜிட்டல் வந்தும் பழக்கம் விடவில்லை. நாம் கேட்காமலேயே முகத்தை வழவழப்பாக்கி வெளுக்க வைக்கும் செல்போன்கள் எத்தனை! இப்போதுதான் கொஞ்சம் அசைவு தெரிகிறது. கூகுள் 2021-ல் பிக்சல் 6 போனில் 'ரியல் டோன்' என்று அடர்நிறத் தோலுக்கான திருத்தங்களைச் சேர்த்தது. ஹார்வர்டு சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கிய பத்துப் படிகள் கொண்ட தோல்நிற அளவுகோலை 2022-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டது.

பவுடர் யாருடையது?

அட்டைப்படத்துக்காகப் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுக்குப் போன நாளுக்கு வருகிறேன். காலை ஒன்பது மணி. அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. பின்னால் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். எங்கள் புகைப்படக்காரத் தம்பி முதலில் அந்தச் சுவரைவிட்டு அக்காவை நகர்த்தினார். வெள்ளைச் சுவர் முன் கறுத்த முகத்தை நிறுத்தினால் கேமரா வெளிச்சத்தைச் சுவருக்கு அளக்கும், முகம் இருண்டுவிடும். இருண்ட முகத்தை அப்புறம் கணினியில் தூக்குவோம், தோல் சாம்பல் பூத்துப்போகும். 'கறுப்பா இருக்கறவங்க போட்டோல நல்லா விழ மாட்டாங்க' என்ற பேச்சில் பெரும்பங்கு இந்த வெள்ளைச் சுவர் செய்த வேலை. அக்காவை அரிசி மூட்டைகள் அடுக்கிய பழுப்பு மூலைக்குக் கொண்டுவந்து, ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினார். வெயில் அதில் வடிந்து பக்கவாட்டில் இறங்கியது. கறுத்த தோலுக்கு இப்படிப்பட்ட அகலமான, மெத்தென்ற வெளிச்சம் வேண்டும். கன்னத்து எலும்பிலும் நெற்றியிலும் அது பட்டுத் திரும்பும்போது வரும் மினுமினுப்பு இருக்கிறதே, மாமை என்று சொன்னவர்கள் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

"அக்கா, கையை மட்டும் முந்தானைக்குள்ள வெச்சுக்கங்க" என்றார் தம்பி. பழக்கதோஷம்.

"ஏன் தம்பி, களவாண்டதா? அண்டாவை இறக்கறப்போ பட்டது. பதினோரு வருஷமாச்சு. இந்தக் கையாலதானே ஆக்கிப் போடறேன்."

கை வெளியே வந்தது. ஆனால் அடுத்ததாக ஒன்று நடந்தது. "இருங்க" என்று சொல்லிவிட்டு அக்கா பின்பக்கக் குழாயடிக்குப் போனார். முகம் கழுவி, நன்றாகப் பவுடர் அப்பி, புதுப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். தம்பி என்னைப் பார்த்தார். பவுடர் மங்கை மூடிவிட்டது. இயற்கையான தோல் என்று இதழ் போடுகிறோம். அட்டையில் பவுடர் பூசிய முகம். துடைக்கச் சொல்லலாமா? சொல்ல வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன்.

இத்தனை நாள் அவர் போன்றவர்களின் முகத்தைக் கேட்காமல் வெளுக்க வைத்தோம். இப்போது கொள்கை என்று சொல்லிக் கேட்காமல் பவுடரைத் துடைக்கச் சொன்னால், அவர் முகத்தில் நாங்கள் அதிகாரம் செய்வது மட்டும் மாறவே இல்லை என்றுதானே ஆகும்? கண்ணாடி முன் நின்று ஒரு பெண் தனக்குச் செய்துகொள்ளும் அலங்காரம் அவளுடையது. மை, மஞ்சள், பவுடர், லிப்ஸ்டிக், எல்லாமே. அவள் எழுந்து போன பின் திரையில் நடப்பது எங்களுடையது, அதற்கு நாங்கள்தான் பொறுப்பு. இந்த இதழின் ஒரே விதி அந்த இடத்தில்தான் எனக்குத் தெளிவானது. பவுடரோடே எடுத்தோம். சமையல்கட்டுச் சூட்டில் பத்து நிமிஷத்தில் வியர்வை பவுடரைக் கரைத்தது. மங்கு எட்டிப் பார்த்தது. நீங்கள் அட்டையில் பார்ப்பது அந்த நேரத்துப் படம். நெற்றியோரத்தில் இன்னும் கொஞ்சம் பவுடர் ஒட்டியிருக்கிறது, பாருங்கள்.

இந்த விதியை வைத்துக்கொண்டும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. உள்பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவியின் மூக்கில் பெரிய பரு. "நாளன்னைக்கு போயிடப் போற பருக்கா, அவ முகத்துல அது இல்லவே இல்லைன்னுகூடச் சொல்லலாமே" என்றார் ஒரு லே-அவுட் தம்பி. நியாயமான கேள்விதான். அந்தப் பெண்ணுக்கே போன் போட்டுக் கேட்டோம். "எடுத்துடுங்களேன், ப்ளீஸ்" என்றாள். எடுத்துவிட்டோம். எடுத்ததைப் படத்தின் கீழேயே ஒரு வரியில் சொல்லியிருக்கிறோம்.

நாலு மையும் ஒரு முகமும்

திரையில் ஜெயித்தால் போதாது. அச்சில்தான் பெரும்பாலான கறுத்த முகங்கள் தோற்றுப்போகின்றன. அச்சகத்தில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு மை. இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு 'ஸ்கின் ஃபார்முலா' சொல்லிக் கொடுத்தார்கள்: மெஜந்தாவைவிட மஞ்சள் கொஞ்சம் தூக்கல், சயான் மெஜந்தாவில் நாலில் ஒரு பங்கு, கறுப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம். அது வெளுத்த தோலுக்கான கணக்கு. அதையே கறுத்த முகத்துக்குப் போட்டால் செங்கல் நிறம் வரும்.

கறுத்த தோலுக்குச் சயானும் கறுப்பும் கூட வேண்டும். கூட்டினால் மொத்த மை ஏறும். நாலு மையையும் முழுதாகக் கொட்டினால் கணக்குப்படி 400 சதவீதம். வழவழப்பான ஆர்ட் பேப்பர் சுமார் 300 வரை தாங்கும். உள்பக்கத்துக்குப் போடும் செய்தித்தாள் வகைக் காகிதமோ 240-ஐத் தாண்டினாலே திணறும். மையை உறிஞ்சும், புள்ளிகள் விரியும், கன்னமும் தாடையும் ஒன்றாகி முகம் ஒரே திட்டாகிவிடும். திட்டு விழும் என்று பயந்துதான் அச்சுக்குப் போகும் முன் முகத்தைத் தூக்கிவிடுவோம். தொழில்காரணம் என்று இதைச் சொல்லிச் சொல்லி நானே நம்பியும் இருந்தேன்.

வழி இல்லாமல் இல்லை. மூன்று வண்ணங்கள் கலந்து உண்டாகும் சாம்பலின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கறுப்பு மையைப் போடலாம், மொத்த மை குறையும். அளவு மீறினால் தோல் உயிரில்லாமல் போகும். ஆக, ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியாக உட்கார வேண்டும், அச்சாகப்போகும் அதே காகிதத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை. இந்த அட்டைக்கு மூன்று முறை ஓட்டினோம். முதல் முறை செங்கல். இரண்டாவது முறை அக்காவின் கழுத்து இருட்டுக்குள் போய்விட்டது. மூன்றாவது தாள் வெளியே வந்தபோது இரவு பதினொன்றரை. மெஷின்மேன் அண்ணன் தாளை விளக்கடியில் விரித்து, "கறுப்பைக் கொஞ்சம் குறைச்சுடவா மேடம்?" என்று கேட்டார். கேட்டவர், தன் முழங்கையை மடக்கித் தாளின் மேல், அக்காவின் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மைத்திருகைத் தொடாமல் போய்விட்டார்.

எந்தப் பக்கத்தில் போடுவது?

வெண்புள்ளி உள்ள ஒரு மாணவியைச் சந்திக்கக் கோவை போயிருந்தோம். வெண்புள்ளி ஒட்டிக்கொள்ளும் நோய் கிடையாது. நிறம் தரும் செல்கள் அழிவதால் தோல் வெளுக்கிறது, அவ்வளவுதான். தொழுநோய்க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் குஷ்டத்தை ஒட்டவைத்து ஒரு பெயர் சொல்லி, எத்தனை பேரின் கல்யாணத்தையும் வேலையையும் கெடுத்திருக்கிறோம்! வெண்புள்ளி என்ற சொல்லை ஊன்றவே இங்கே பலர் வருஷக்கணக்கில் பாடுபட்டிருக்கிறார்கள். எங்கள் இதழில் இனி அந்தச் சொல் மட்டும்தான்.

பேட்டி முடிந்து கிளம்பும்போது அந்த மாணவி கேட்டாள்: "என்னைப் பத்தி எந்தப் பக்கத்துல போடப் போறீங்க? தன்னம்பிக்கைப் பக்கம்னா வேணாம்க்கா. நான் பேட்மிண்டன் ஆடறேன், விளையாட்டுப் பக்கத்துல போடுங்களேன்." நாங்கள் வரைந்து வைத்திருந்த பக்க வரைபடமே அங்கே கலைந்தது. வெண்புள்ளி, தீக்காயம், அம்மைத்தழும்பு என்று எல்லோரையும் நடுவில் எட்டுப் பக்கத்தில் கோத்து, மேலே 'துணிச்சல் முகங்கள்' என்று தலைப்பு வைத்திருந்தோம். அதைப் பிரித்தோம். அவள் 41-ம் பக்கத்தில் ஸ்மாஷ் அடித்துக்கொண்டிருக்கிறாள், வெண்புள்ளி பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. அம்மைத்தழும்பு முகத்துப் பெரியவர் சமையல் பக்கத்தில் மீன்குழம்பு வைக்கிறார். சுருக்கம் விழுந்த ஓர் ஆச்சி புடவைப் பக்கத்து மாடல்.

பின் அட்டை

முன் அட்டையில் மங்கு, பின் அட்டையில் மங்கைப் போக்கும் க்ரீம் என்று ஓர் இதழ் வந்தால் நீங்கள் எங்களைக் காறித் துப்ப வேண்டும். இந்த வாரம் அப்படி வந்த விளம்பரம் ஒன்றை வாங்கவில்லை. பத்திரிகைக்கு அது சின்ன இழப்பு இல்லை.

இந்தியச் சந்தைக்கு ஃபேர் அண்ட் லவ்லி வந்தது 1975-ல். 45 வருஷம் கழித்து, 2020-ல் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. இடையில் எத்தனை தலைமுறைப் பெண்கள்! கறுப்பாக இருப்பவரைச் சோகமாகவோ வாழ்க்கையில் தோற்றவராகவோ காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணய அமைப்பு 2014-ல் விதி போட்டது. அதற்கு முன்பே, 2009-ல், 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற பிரசாரத்தைத் தொடங்கியது சென்னையைச் சேர்ந்த கவிதா இம்மானுவேலின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு. நடிகை நந்திதா தாஸ் பின்னர் அதற்குக் குரல் கொடுத்தார்.

க்ரீம் விஷயத்தில் மனசு மட்டும் நோகவில்லை, உடம்பும் கெடுகிறது. கேரளாவின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு ஒரே மாதிரியான அரிய வகை பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் நோய்க்கு முன் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். இத்தகைய க்ரீம்களில் கலக்கும் பாதரசம் தோல் வழியே உள்ளே போகும். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு க்ரீம்களோ முதலில் வெளுக்க வைக்கும், பிறகு தோல் மெலிந்து சிவந்து, நிறுத்தினால் எரியும். இவற்றில் 14 வகைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் உத்தரவிட்டது. மங்குக்கு வைத்தியம் வேண்டுபவர்கள் தோல் மருத்துவரிடம் போங்கள். அதை நாங்கள் தடுக்கவில்லை.

வெளிநாடுகளில் சட்டமே வந்துவிட்டது. மாடலின் உடல்வாகைக் கணினியில் மாற்றிய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று பிரான்ஸ் 2017-ல் கட்டாயமாக்கியது. தோலையும் சேர்த்தே கேட்கும் நார்வேச் சட்டம் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 2012-ல் 14 வயதுப் பெண் ஒருத்தி, திருத்தாத படங்களைப் போடுங்கள் என்று 'செவன்டீன்' இதழுக்கு எழுதிய மனுவில் 80,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். உடலையும் முக வடிவத்தையும் மாற்ற மாட்டோம் என்று இதழ் வாக்குக் கொடுத்தது. ஜெர்மனியின் 'பிரிகிட்டே' இதழ் தொழில்முறை மாடல்களே வேண்டாம் என்று 2009-ல் முடிவெடுத்து, 2012-ல் மறுபடி மாடல்களிடமே திரும்பியது. அதனால்தான் இந்த ஒரு வாரத்தை வைத்து நாங்கள் மார்தட்டவில்லை. அடுத்த வார ரேப்பருக்கு ஒரு நடிகரின் படம் வந்திருக்கிறது, தோலில் ஒரு துவாரம்கூட இல்லாமல் வழித்தெடுத்த படம். திருத்தாத படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இதுவரை பதில் இல்லை.

மூன்றாவது முறை ஓட்டிய தாளைச் சுருட்டிக்கொண்டு மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அச்சுக்குப் போவதில்லை என்பது ஏற்பாடு. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அட்டையில் வேறு படம் வந்திருக்கும். அக்கா முட்டை உரித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். உதவியாளர் அம்மாவும் ஆறாம் வகுப்புப் பையன்கள் நாலு பேரும் சுற்றிக்கொண்டார்கள். "ஆயாம்மா!" என்று ஒருவன் கத்தினான்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். தழும்பைப் பற்றி ஏதாவது சொல்வார், மங்கைப் பற்றிக் கேட்பார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் விரல் நெற்றியோரத்துக்குப் போய் நின்றது.

"பவுடரு இங்க திட்டா நின்னுடுச்சு பாரு. நீயாவது சொல்லக் கூடாதா?" என்றார் என்னிடம்.

"திரும்ப எடுக்கட்டுமாக்கா?"

"வேணாம், வேணாம். இதுவே நல்லாத்தான் இருக்கு" என்றவர் தாளைச் சுருட்டி என்னிடம் கொடுத்துவிட்டு முட்டைச் சட்டிக்குப் போனார். பிறகு திரும்பி, "பத்து புக்கு குடுத்தனுப்பு, எங்க ஊருக்கு" என்றார்.